ரப்பரைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்: ஓவிய வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓவிய வகுப்பில் எனக்குக் கிடைத்த முதல் பயிற்சி ஒரு மர நாற்காலி. அதைப் பார்த்து வரைய 40 நிமிடம் கொடுத்தார்கள். நேரம் முடிந்தபோது என் தாளில் நாற்காலியைவிட அழித்த தடங்களே அதிகமாக இருந்தன. முன்கால் ஒன்றை மட்டும் ஏழெட்டு முறை போட்டு ஏழெட்டு முறை அழித்திருந்தேன். அந்த இடத்தில் தாள் பஞ்சுபோல் எழும்பிவிட்டது. மறுபடி பென்சிலை வைத்தால் கோட்டுக்குப் பதிலாகக் கறுப்பாக ஒரு கறை விழுந்தது. ஆசிரியை தாளைக் கையில் எடுத்துச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இந்தக் கால் முதலில் எங்கே இருந்தது?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. முதல் கோடு எங்கே விழுந்தது, எதைப் பார்த்து அதை மாற்றினேன், மாற்றியது சரியான பக்கமாகத்தானா என்று எதற்குமே என்னிடம் சாட்சி இல்லை. எல்லாவற்றையும் என் கையாலேயே துடைத்திருந்தேன்.

மூன்று ஆண்டுகள் அந்த வகுப்பில் இருந்துவிட்டேன். பழைய தாள்களையும் குறிப்பேடுகளையும் இப்போது புரட்டும்போது, நான் செய்த தவறுகளில் பெரும்பாலானவை அந்த நாற்காலிக்காலோடு ஏதோ ஒரு வகையில் உறவுள்ளவை என்று தெரிகிறது. பிசகான கோடு எல்லோருக்கும் விழும். அது எதனால் பிசகியது என்று பார்ப்பதற்கு முன்பே அதை மறைத்துவிடும் பழக்கம்தான் என்னை நெடுநாள் ஒரே இடத்தில் நிறுத்தி வைத்தது. இந்த மறைத்தல் ரப்பரால் மட்டும் நடப்பதில்லை. தாளைக் கிழித்துப் போடுவது, புதிய பக்கத்துக்குத் தாவுவது, பயிற்சி முடிந்ததும் எழுதும் குறிப்பில் பொத்தாம்பொதுவாக நல்ல வார்த்தைகளை நிரப்புவது எல்லாமே அதன் வேறு வேறு வடிவங்கள்.

முதல் கோட்டை உடனே அழிப்பது

நாற்காலியின் காலை நீளமாகப் போட்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அழித்தால் வெறும் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும். எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கண்ணுக்கு எந்த ஆதாரமும் இருக்காது. அதனால் கை, முன்பு போட்ட அதே நீளத்தையே திரும்பப் போடும். நான் ஏழெட்டு முறை ஒரே பிசகைச் செய்ததற்குக் காரணம் இதுதான். தவறான கோட்டை அப்படியே விட்டிருந்தால், அது ஒரு அளவுகோலாக இருந்திருக்கும். "இதைவிட விரல்கடையில் கால் பங்கு மேலே" என்று அதன் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போட்டிருக்கலாம்.

அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. தொடக்கக் கோடுகள் மெலிதாக இருக்க வேண்டும். பென்சிலை எழுதுவதுபோல் நுனியில் பிடித்து அழுத்தினால் தாளில் பள்ளம் விழும். பிறகு அழித்தாலும் அந்தப் பள்ளம் போகாது, மேலே நிழலிடும்போது வெள்ளைக் கீறலாகக் காட்டிக்கொடுக்கும். பென்சிலைச் சற்றுப் பின்னால் பிடித்து, தோளிலிருந்து கையை அசைத்து, தொட்டும் தொடாமலும் நாலைந்து கோடுகளைப் போட்டுப் பாருங்கள். அவற்றில் சரியாகத் தோன்றுவதை மட்டும் பிறகு அழுத்தினால் போதும். மற்றவை தாளில் இருந்துவிட்டுப் போகட்டும்.

பெரிய ஓவியர்களின் படங்களில் இப்படிப்பட்ட மாற்றங்கள் அடியில் கிடக்கின்றன. யான் வான் எய்க் 1434-இல் தீட்டிய அர்னோல்ஃபினி தம்பதியர் ஓவியத்தை அகச்சிவப்புக் கதிரில் பார்த்தபோது, கையும் பாதங்களும் முதலில் வேறு நிலையில் வரையப்பட்டிருந்தது தெரியவந்தது. இத்தகைய மாற்றங்களுக்கு இத்தாலிய மொழியில் 'பென்டிமென்டி' என்று பெயர். மனம் வருந்தித் திருந்துவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. நுணுக்கத்துக்கே பெயர்போன அந்தக் கையும் போட்ட பிறகுதான் பார்த்து மாற்றியிருக்கிறது என்று தெரிந்த நாளில் எனக்குப் பெரிய ஆறுதல் கிடைத்தது.

ரப்பரையே தொடக் கூடாது என்று சொல்லவில்லை. கரித்துண்டால் தாளை இருட்டாக்கிவிட்டு, பிசையும் ரப்பரால் வெளிச்சத்தை ஒற்றி எடுப்பது அருமையான முறை. அங்கே ரப்பரும் ஒரு தூரிகை. பதற்றத்தில் அது கைக்குப் போவதைத்தான் தவிர்க்க வேண்டும்.

பார்ப்பதை விட்டுவிட்டுத் தெரிந்ததை வரைவது

எல்லாத் தவறுகளிலும் வேர் ஆழமானது இது. நாற்காலிக்கு நான்கு கால்கள், நான்கும் ஒரே உயரம், உட்காரும் பலகை சதுரம் என்று நமக்கு முன்பே தெரியும். அந்த அறிவு கண்ணை முந்திக்கொண்டு கைக்கு வந்துவிடுகிறது. நாம் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் நான்கு கால்களும் தாளில் வெவ்வேறு நீளம். பலகை ஒடுங்கிய ஒரு கோணல் வடிவம். அப்படி வரைய மனம் ஒப்புவதில்லை. "சதுரம்தானே" என்று கை அதை விரித்துவிடுகிறது. பிறகு நாற்காலி நம்மை நோக்கிக் கவிழ்வதுபோல் வந்து நிற்கிறது.

ஜாடி இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. அதன் வாய் வட்டம் என்று தெரியும்; கண்ணுக்குத் தெரிவதோ நீள்வட்டம். இதில் புதிதாக வரைபவர்கள் எல்லோரும் இரண்டு இடங்களில் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். முதலாவது, நீள்வட்டத்தின் இரு ஓரங்களையும் இலையின் முனைபோல் கூராக்கிவிடுவது. எவ்வளவு ஒடுங்கிய நீள்வட்டமாக இருந்தாலும் ஓரம் வளைந்துதான் திரும்பும். எங்குமே முனை இருக்காது. இரண்டாவது, அடிப்பாகத்தை நேர்கோடாக இழுப்பது. மேசை தட்டையாக இருக்கிறது, அதன்மேல் ஜாடி நிற்கிறது, ஆகவே அடியும் தட்டை என்று மனம் கணக்குப் போடுகிறது. உண்மையில் ஜாடி நம் கண்மட்டத்துக்குக் கீழே இருக்கும்போது, அடிவட்டம் வாய்வட்டத்தைவிட இன்னும் கண்ணுக்குக் கீழே இருக்கிறது. அதனால் அடி, வாயைவிட அதிகமாக உருண்டு தெரிய வேண்டும். இதை ஒரு முறை புரிந்துகொண்டு ஜாடியின் அடியை நன்றாக வளைத்துப் போட்டபோது, அது முதல் முறையாக மேசைமேல் உட்கார்ந்தது.

முகத்திலும் இதே கதை. கண்கள் தலையின் மேற்பகுதியில் இருப்பதாக நாம் எல்லோரும் நம்புகிறோம். உச்சந்தலைக்கும் தாடைக்கும் நடுவில் ஒரு கோடு போட்டால் கண்கள் ஏறத்தாழ அதன்மேல்தான் வரும். நம் கவனம் முழுவதும் கண், மூக்கு, வாயிலேயே இருப்பதால் நெற்றியையும் உச்சியையும் சுருக்கிவிடுகிறோம்.

இதற்கு வகுப்பில் கிடைத்த மருந்துகளில் எனக்கு அதிகம் உதவியது, பொருளை விட்டுவிட்டு அதன் இடைவெளிகளை வரைவது. நாற்காலிக் கால்களுக்கு இடையில் தெரியும் சுவரின் வடிவம் என்ன? கைப்பிடிக்கும் பலகைக்கும் நடுவில் உள்ள துண்டு முக்கோணமா, நாற்கோணமா? அந்த வெற்றிடத்துக்குப் பெயர் இல்லை. பெயர் இல்லாததைப் பற்றி நமக்கு முன்கூட்டிய அறிவும் இல்லை. அதனால் கண் வேறு வழியின்றிப் பார்க்கத் தொடங்குகிறது. நான் இடைவெளிகளை மட்டும் கறுப்பாக நிரப்பிய தாளில், வரையாமலேயே நாற்காலி சரியாக வந்திருந்தது.

இன்னொன்று, பென்சிலை நீட்டிப் பிடித்து அளப்பது. எல்லா வகுப்பிலும் இதைச் சொல்லிக்கொடுப்பார்கள். பாதிப் பேர் தவறாகச் செய்வார்கள், நானும் செய்தேன். முழங்கையை ஒரு முறை நீட்டியும் மறுமுறை மடக்கியும் பிடித்தால் அளவு மாறிவிடும். கை முழுவதும் நீண்டு, ஒரு கண் மூடி, தலை அசையாமல் இருக்க வேண்டும். நடுவில் எழுந்து போய் வந்து நாற்காலியை ஓர் அடி தள்ளிப் போட்டு உட்கார்ந்தால் அதுவரை எடுத்த அளவெல்லாம் வீண். தரையில் சுண்ணாம்புக் கட்டியால் நம் இருக்கைக்கு அடையாளம் போட்டுக்கொள்வது சின்ன வேலைதான். அது காப்பாற்றிய தாள்கள் பல.

அளப்பது கலைஞனுக்கு இழுக்கு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். 1435-இல் இத்தாலியக் கட்டடக்கலைஞர் லியோன் பத்திஸ்தா ஆல்பர்ட்டி, கட்டங்களாக நூலோடிய மெல்லிய திரையை இடையில் வைத்து அதன் வழியே பொருளைப் பார்த்து வரையும் முறையை எழுதிவைத்தார். ஏறத்தாழ நானூற்றைம்பது ஆண்டுகள் கழித்து வின்சென்ட் வான் கோவும் குறுக்குக் கம்பிகள் கட்டிய ஒரு சட்டகத்தை வெளியிடங்களுக்குத் தூக்கிக்கொண்டு போய் அதன் வழியே பார்த்து வரைந்தார். 1880-இல், 27 வயதில்தான் அவர் ஓவியராவதென்று முடிவெடுத்தார். அப்போது அவர் முதலில் செய்த வேலை, சார்ல் பார்க் என்ற பிரெஞ்சு ஓவியரின் வரைபடப் பாடத் தாள்களைப் பார்த்துத் திரும்பத் திரும்பப் படியெடுத்ததுதான்.

சாம்பல் நிறத்திலேயே தங்கிவிடுவது

நிழலிடுவதில் பொதுவாக நடக்கும் தவறு பயம். வெள்ளைக்குப் பக்கத்தில் முழுக் கறுப்பை வைக்கக் கை நடுங்குகிறது. எல்லாவற்றையும் நடுத்தரமான சாம்பலில் மெதுவாகத் தேய்த்துக்கொண்டே போகிறோம். முடிவில் படம் பனிமூட்டத்தில் எடுத்த புகைப்படம்போல் இருக்கிறது.

இதில் பென்சிலுக்கும் பங்கு உண்டு. கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்ததுதான் பென்சில் முனை. பிரான்சைச் சேர்ந்த நிக்கோலா ஜாக் கோன்டே 1795-இல் இந்தக் கலவைக்குக் காப்புரிமை பெற்றார். களிமண் கூடினால் முனை கடினம், கோடு வெளிறல். அது எச் வரிசை. கிராஃபைட் கூடினால் மென்மை, கறுப்பு. அது பி வரிசை. கையில் எச்பி மட்டும் வைத்துக்கொண்டு ஆழமான நிழல் வேண்டும் என்று அழுத்தினால் தாள் பளபளக்குமே தவிர இருளாது. 2பி, 4பி, 6பி என்று மூன்று இருந்தால் வகுப்புக்குத் தாராளம். இருபத்து நான்கு பென்சில் கொண்ட பெட்டி கவனத்தைச் சிதறடிக்கும்.

கண்களை இடுக்கிக்கொண்டு பொருளைப் பாருங்கள். நுணுக்கங்கள் மங்கி, இருட்டும் வெளிச்சமும் மூன்று நான்கு பெரிய திட்டுகளாகப் பிரியும். அந்தத் திட்டுகளை முதலில் இடுங்கள். மிகக் கறுப்பான இடம் எதுவோ அதைத் தொடக்கத்திலேயே தாளில் வைத்துவிட்டால், மற்றவை அதற்கு எவ்வளவு குறைவு என்று ஒப்பிடலாம். நான் ஒரு காலணியை வரையும்போது கண்ணியில் கோத்த கயிற்றின் முறுக்கிலிருந்து தொடங்கி, ஒரு மணி நேரம் கயிற்றிலேயே கழித்துவிட்டேன். கயிறு அழகாக இருந்தது. காலணி அதற்குப் பொருந்தாமல் குட்டையாக நின்றது. மனம் வராமல் அந்தக் கயிற்றை விட்டுக்கொடுத்த வலி இன்னும் நினைவிருக்கிறது. விவரத்தில் தொடங்கினால் பிறகு அதைக் காப்பாற்றுவதற்காக முழுப் படத்தையும் வளைப்போம்.

விரலால் நிழலைத் தேய்த்து மழுப்புவதையும் விட்டுவிடுங்கள். தோலில் உள்ள எண்ணெய் தாளில் ஏறி, அந்த இடம் பிறகு பென்சிலையும் ஒழுங்காக வாங்காது, ரப்பருக்கும் மசியாது.

சேறாகும் வண்ணங்கள்

வண்ணத்துக்கு வந்தபோது நான் பழியை வண்ணத்தின் மீதே போட்டேன். நீலமும் சிவப்பும் கலந்தால் ஊதா என்று சின்ன வயதில் படித்தோம். எனக்குப் பழுப்பான ஒரு சேறு வந்தது. காரணம், தட்டில் இருந்த சிவப்பு ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்தது. அதற்குள் மஞ்சள் ஒளிந்திருந்தது. நீலமோ பச்சைப் பக்கம் சாய்ந்தது, அதற்குள்ளும் மஞ்சள். சிவப்பு, நீலம், மஞ்சள் மூன்றும் சேர்ந்தால் ஒன்றையொன்று மங்கவைக்கும். கிரிம்சன்போல் நீலத்தின் பக்கம் சாய்ந்த சிவப்பையும், அல்ட்ராமரீன்போல் சிவப்பின் பக்கம் சாய்ந்த நீலத்தையும் எடுத்தபோது ஊதா தெளிவாக வந்தது. எந்தக் குழாய் எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒரு தாளில் கலந்து பார்த்து, பக்கத்திலேயே பெயர் எழுதி வைத்துக்கொள்வது ஒரு மணி நேர வேலை. அந்தத் தாள் ஆண்டுக்கணக்கில் உதவும். சேறு வந்த கலவையையும் அதில் சேர்க்க மறக்காதீர்கள். மரத்தண்டுக்கும் நிழலுக்கும் பிற்பாடு அதைத்தான் தேடுவீர்கள்.

ஈரத்தில் பார்த்த நிறத்தை நம்பி முடிவெடுப்பதும் கூடாது. நீர்வண்ணம் காய்ந்தால் வெளிறும். அக்ரிலிக் காய்ந்தால் சற்று இருளும். ஓரத்தில் ஒரு துண்டுத்தாளில் தீற்றிக் காயவிட்டுப் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. நீர்வண்ணத்துக்குச் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாளை எடுத்தால் அதிகம் நெளியாது. மெல்லிய தாளில் தண்ணீர் குளமாகத் தேங்கி, நம்முடைய கை சரியாக இருந்தாலும் படம் கெட்டுவிடும்.

இன்னொரு விஷயம் சற்று நுட்பமானது. ஒரு நிறத்தைத் தட்டில் வைத்துச் சரிபார்த்துவிட்டுப் படத்தில் இட்டால் வேறு நிறம்போல் தெரியும். பாரிஸின் கோப்லான் திரைச்சீலைப் பட்டறையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரெயிலிடம் ஒரு புகார் வந்தது: கறுப்பு நூல் போதிய கறுப்பாக இல்லை. சாயத்தைச் சோதித்துப் பார்த்தால் குறை ஒன்றுமில்லை. பக்கத்தில் நெய்திருந்த நிறங்கள்தான் கறுப்பை அப்படிக் காட்டின. அவர் இதை விரிவாக ஆராய்ந்து 1839-இல் நூலாக வெளியிட்டார். ஆகவே, ஒரு நிறம் சரியில்லை என்று தோன்றினால் அதை உடனே துடைத்து எடுக்காதீர்கள். அதன் பக்கத்து நிறத்தை மாற்றிப் பாருங்கள். நான் மூன்று முறை துடைத்துத் துடைத்துப் போட்ட ஒரு பச்சை, பின்னணிச் சுவரைக் கொஞ்சம் சிவப்பாக்கியதும் தானாகவே உயிர்பெற்றது.

வகுப்பில் எல்லோரும் படத்தைப் பார்க்கும்போது

படங்களைச் சுவரில் வரிசையாக ஒட்டி எல்லோரும் கருத்துச் சொல்லும் நாள் வரும். அன்று நாம் செய்யும் தவறு, யாரும் வாய் திறக்கும் முன்பே விளக்கத் தொடங்குவது. "நேரம் போதவில்லை, இந்தக் கை சரியாக வராது என்று எனக்கே தெரியும்." இதைச் சொல்லிவிட்டால் பார்ப்பவர்கள் கையை மட்டுமே பார்ப்பார்கள், வேறு எங்கோ உள்ள உண்மையான சிக்கலை யாரும் சொல்ல மாட்டார்கள். நாம் பேசாமல் இருக்கும் அந்த இரண்டு நிமிடத்தில், அவர்களுடைய கண் முதலில் எங்கே போகிறது என்று கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

"எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்றுதான் பதில் வரும். "இந்த ஜாடி முன்னால் இருப்பதுபோல் தெரிகிறதா, துணியோடு ஒட்டியிருப்பதுபோல் தெரிகிறதா?" என்று கேளுங்கள். கேள்வி குறிப்பாக இருந்தால் பதிலும் குறிப்பாக வரும்.

ஆசிரியர் நம் தாளில் கைவைத்துத் திருத்துவதற்கு நாம் மகிழ்ச்சியோடு இடம் கொடுத்துவிடுகிறோம். அவர் இரண்டு கோடு போட்டதும் படம் எழுந்து நிற்கும். அதை வீட்டில் காட்டிப் பாராட்டும் வாங்குவோம். அந்த இரண்டு கோடுகள் நம்முடையவை அல்ல என்பதை மட்டும் நாம் அறிவோம். ஓரத்தில் தனியாக வரைந்து காட்டும்படி பணிவாகக் கேட்கலாம். நல்ல ஆசிரியர் அதைக் கேட்டால் மகிழ்வார்.

பக்கத்து மேசைக்காரரோடு ஒப்பிடுவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அவர் எத்தனை ஆண்டாக வரைகிறார் என்று நமக்குத் தெரியாது. ஒப்பிட வேண்டியது நம்முடைய போன மாதத் தாளோடு. அதற்கு அந்தத் தாள் கிழிபடாமல் இருக்க வேண்டும்.

கருத்துச் சொல்ல யாரும் இல்லாத நேரத்தில் ஒரு கண்ணாடி போதும். படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள். இடம் வலமாக மாறியதும் நம் கண் பழகிப்போய் மன்னித்துவிட்ட கோணல்கள் அப்பட்டமாகத் தெரியும். இதை லியோனார்டோ டா வின்சியே தன் குறிப்புகளில் ஓவியர்களுக்கு அறிவுரையாக எழுதியிருக்கிறார். இத்தனை எளிய வழியை நான் இரண்டாம் ஆண்டில்தான் செய்து பார்த்தேன் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

குறிப்பு எழுதுவதில் செய்யும் பிழைகள்

ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் அரைப் பக்கமாவது எழுதித் தர வேண்டும் என்பது எங்கள் வகுப்பின் விதி. பெரும்பாலான மாணவர்கள் இதைச் சடங்காக நினைக்கிறார்கள். எனக்கு இதுதான் வகுப்பின் மிகப் பெரிய கொடை என்று இன்று தோன்றுகிறது. ஆனால் முதல் ஆண்டுக் குறிப்புகளை இப்போது படித்தால் ஒன்றுமே தெரிவதில்லை. நாற்காலிக்கு நான் எழுதியது இது:

"நாற்காலி வரைந்த அனுபவம் மிகவும் பயனுள்ளதாக இருந்தது. நிறையக் கற்றுக்கொண்டேன். தொடக்கத்தில் கடினமாக இருந்தாலும் விடாமுயற்சியால் முடித்தேன். இன்னும் பயிற்சி தேவை."

இந்த நான்கு வாக்கியங்களையும் எந்தப் படத்துக்கும் ஒட்டலாம். எந்தக் கால் நீண்டது என்றுகூட இல்லை. ரப்பரால் தாளில் செய்ததையே இங்கே சொற்களால் செய்திருக்கிறேன். இரண்டாம் ஆண்டில் அதே நாற்காலிக்கு எழுதியதைப் பாருங்கள்:

"வலது முன்கால் மறுபடியும் நீளம். பலகையின் முன்விளிம்பைக் கீழே இறக்கிப் போட்டதால், காலும் அதோடு இறங்கிவிட்டது. பிசகு காலில் இல்லை, பலகையில். இடைவெளியை வரைந்த பிறகுதான் தெரிந்தது. பின்பக்கச் சட்டம் ஒரே கோட்டில் சரியாக வந்தது. அப்போது தாளைப் பார்க்காமல் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தேன்."

இதில் அழகான வாக்கியம் ஒன்றும் இல்லை. மறுவாரம் உட்காரும்போது எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று மட்டும் தெளிவாகச் சொல்கிறது. சரியாக வந்த ஒன்றையும், அது வந்தபோது உடலும் கண்ணும் என்ன செய்துகொண்டிருந்தன என்பதையும் எழுதியிருப்பதை நான் இன்றும் பத்திரமாகப் பார்க்கிறேன். நல்லது எப்படி நடந்தது என்று எழுதாவிட்டால் அது தற்செயலாகவே போய்விடும்.

உணர்ச்சியை எழுதக் கூடாதா என்று கேட்கலாம். தாராளமாக எழுதலாம். "சலிப்பாக இருந்தது" என்பதோடு நிறுத்தினால்தான் பயன் இல்லை. எந்த இடத்தில் சலித்தது? துணியின் மடிப்புகளை நிழலிடும்போது எனக்கு எப்போதும் இருபதாவது நிமிடத்தில் சலிப்பு வந்தது. அதன்பின் போட்ட மடிப்புகளெல்லாம் ஒன்றுபோல் இருந்தன. அதை எழுதியதால்தான் இருபது நிமிடத்தில் எழுந்து நான்கடி பின்னால் போய்ப் பார்க்கும் வழக்கம் வந்தது.

குறிப்பில் ஆபத்தான ஒரு சொல் 'திறமை'. "எனக்கு முகம் வரையும் திறமை இல்லை" என்று எழுதிவிட்டால் அதற்குமேல் யோசிக்க ஒன்றும் இல்லை, கதவு சாத்தியாயிற்று. கண்ணை உயரமாக வைத்தேனா, இரு கண்களுக்கும் நடுவில் ஒரு கண் அளவு இடம் விட்டேனா, காதை எங்கே ஆரம்பித்தேன் என்று எழுதினால் கதவு திறந்தே இருக்கும். அதுபோல, ஆசிரியருக்குப் பிடிக்கும் என்று புகழ்பெற்ற ஓவியரின் பெயர் ஒன்றைச் செருகுவதும் வேண்டாம். அவரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டீர்கள், உங்கள் தாளில் அது எந்த மூலையில் இருக்கிறது என்று காட்ட முடிந்தால் மட்டும் எழுதுங்கள்.

எழுதுவதற்குச் சரியான நேரம் தூரிகையைக் கழுவும் முன்பு. மறுநாள் எழுதினால் நினைவு தன் வசதிக்கு ஒரு கதை கட்டிவிடும். வேலை நடக்கும்போதே நடுவில் மூன்று நான்கு புகைப்படங்கள் எடுத்துவைப்பதும் மிக நல்ல பழக்கம். பிக்காசோ 1937-இல் 'கெர்னிகா'வைத் தீட்டிய வாரங்களில், புகைப்படக் கலைஞர் டோரா மார் அந்த ஓவியத்தைப் படிப்படியாகப் புகைப்படம் எடுத்தார். முடிந்த ஓவியத்தில் இல்லாத ஓங்கிய முஷ்டி ஒன்று தொடக்க நிலைகளில் இருந்ததும், பிறகு அது மாறி மறைந்ததும் அந்தப் படங்களால்தான் நமக்குத் தெரிகிறது. ஏறத்தாழ மூன்றரை மீட்டர் உயரமும் ஏழே முக்கால் மீட்டர் நீளமும் கொண்ட அந்தப் பெருஞ்சீலையில், எது எதற்காகப் போயிற்று என்று யோசித்துப் பார்க்க முடிகிறது.

குறிப்பின் பயனுக்கு என் மனத்தில் எப்போதும் நிற்கும் சான்று வான் கோவின் படுக்கையறை ஓவியம். 1888 அக்டோபரில் அதைப் பற்றித் தம்பி தியோவுக்குக் கடிதம் எழுதினார். தம்பிக்கு அவர் எழுதியவற்றில் அறுநூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்கள் இன்று கிடைக்கின்றன. இந்தக் கடிதத்தில் அவர் பொருள் பொருளாக நிறத்தை அடுக்குகிறார்: சுவர் வெளிறிய ஊதா, தரை சிவப்பு ஓடு, கட்டிலும் நாற்காலிகளும் மஞ்சள், போர்வை பளிச்சென்ற சிவப்பு, சன்னல் பச்சை, கதவுகள் இளம் ஊதா. ஓய்வு, உறக்கம் என்ற உணர்வை அந்த நிறங்களால் கொண்டுவர நினைத்ததையும் சொல்கிறார். கூடவே ஒரு சிறு வரைபடமும் அனுப்புகிறார். இன்று அந்த ஓவியத்தின் முன் நின்றால் சுவர் நீலமாகத்தான் தெரியும். அவர் கலந்த சிவப்பு நிறமி காலப்போக்கில் வெளுத்து, நீலம் மட்டும் மிஞ்சிவிட்டது. அவர் "படுக்கையறை வரைந்தேன், திருப்தியாக இருந்தது" என்று எழுதியிருந்தால், அந்த ஊதாச் சுவரை அறிவியல் சோதனை சொல்லும்வரை நாம் கற்பனைகூடச் செய்திருக்க மாட்டோம்.

ஒவ்வொரு முறையும் புதிய பொருளுக்குத் தாவுவது

ஒரு பொருள் சரியாக வரவில்லை என்றால் அடுத்த வாரம் வேறொன்றை எடுத்துக்கொள்ளத் தோன்றும். புதிய பொருள் புதிய உற்சாகம் தரும். பழைய பிசகு எங்கே என்ற கேள்வியும் காணாமல் போகும். தாளைக் கிழிப்பதற்கு மரியாதையான மாற்று இது. பொருளும் ஒளியும் கோணமும் எல்லாமே மாறிவிட்டால், இந்த முறை நன்றாக வந்தது நாம் தேறியதாலா, பொருள் எளிதாக இருந்ததாலா என்று எப்படிச் சொல்வது?

ஓவியர் ஜோர்ஜோ மொராண்டி இத்தாலியின் பொலோன்யா நகரத்தில் வாழ்ந்தார். சில புட்டிகள், ஜாடிகள், பெட்டிகள். அவற்றையே இடம் மாற்றி, நெருக்கி, விலக்கிப் பல பத்தாண்டுகள் தீட்டினார். இரண்டு புட்டிகளுக்கு நடுவில் ஒரு விரல் இடைவெளி கூடியதால் ஓர் ஓவியம் எப்படி முழுவதுமாக வேறொன்றாகிறது என்பதை அவருடைய படங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உணரலாம். நம் வகுப்புக்கு அவ்வளவு பொறுமை வேண்டியதில்லை. ஒரே பொருளை ஒரே இடத்திலிருந்து மாதம் ஒரு முறை வரைந்தால் போதும். பின்புறத்தில் தேதி, எடுத்துக்கொண்ட நேரம், பென்சில், தாள் ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். தேதி போடாத தாள்கள் என்னிடம் ஒரு கட்டு இருக்கின்றன. எது முந்தியது என்று தெரியாமல் அவை ஒன்றோடொன்று பேசாமல் கிடக்கின்றன.

அந்த மர நாற்காலியை இதுவரை பதினொரு முறை வரைந்திருக்கிறேன். பஞ்சுபோல் எழும்பிய முதல் தாளும் கோப்பில் இருக்கிறது. போன வாரம் பதினொன்றையும் தரையில் வரிசையாகப் பரப்பிப் பார்த்தேன். ஆறாவது தாளிலிருந்து முன்கால் நீள்வது நின்றுவிட்டது. பலகை எட்டாவதில் சரியாகப் படுத்தது. பின்பக்க இடது கால் மட்டும் பதினொன்றிலும் குட்டையாகவே இருக்கிறது. இத்தனை நாள் முன்காலையே பார்த்துக்கொண்டிருந்ததில் அது என் கண்ணில் படவே இல்லை. குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: "பன்னிரண்டாவதை அந்தக் காலுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளியிலிருந்து தொடங்க வேண்டும்."